லொறிக்குப் பக்கத்தில் விட்ட இடம்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, காலி வீதியில ஒரு பக்கத்துக்கு ரெண்டு லேன்தான் கீறியிருக்கு. பின்னேரம் பார்த்தா நாலு நிரையில போறாங்கள். ஆர் அதை முடிவெடுக்கிறது? ஒருத்தரோட ஒருத்தர் கதைக்கிறதும் இல்லை" என்றாய். உன் அப்பா, "பொலிஸ் நிக்காத இடத்தில எத்தினை நிரையும் போகலாம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நீ நினைத்திருக்கலாம். அப்படி இல்லை. வீதிகளைப் பற்றிப் படிப்பதற்கென்றே நீ மெல்பேர்ன் போகிறாய். உன் பெட்டி விறாந்தையில் திறந்தபடி கிடக்கிறது. இதைப் பேசத் தொடங்கினால் நடுவில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். எழுதினால் முடித்துத்தான் ஆக வேண்டும். இதை வேறு யாரும் வாசித்தாலும் பரவாயில்லை. யுத்த காலத்தில் இந்த ஊரில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும்.

உன் கேள்வியை உன் வயதுக்கு வெகு முன்பே நான் கேட்டிருக்கிறேன். நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் இருந்தோம். என் பள்ளிக்கூடம் கொட்டாஞ்சேனையில். காலையில் போவதும் பின்னேரம் வருவதும் பள்ளிக்கூட வான் ஒன்றில்தான். ஓட்டியவர் கொட்டாஞ்சேனைக்காரரான ஜோசப் அங்கிள். கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கும் பிள்ளை நான். வறுத்த கடலை சுற்றிவந்த தாளைக்கூட விரித்து வாசித்துவிட்டுத்தான் எறிவேன். வீதிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தில், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு நிரை வாகனங்கள் செல்ல வேண்டும் என்று வாசித்துவிட்டு, அடுத்த நாளே அங்கிளின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

"அங்கிள், ரெண்டு கோட்டுக்கு நடுவிலதானே போகோணும்?"

"கோடு போட்டவன் சம்பளத்த எடுத்துக்கிட்டு வீட்ட போயிட்டான் மகள். ரோட்ல நிக்கிறது நான்."

"அங்கிளுக்குக் கோடு தெரியாது. கண்ணாடி போடோணும்" என்றாள் பின் சீற்றில் இருந்த ஒருத்தி.

"கண்ணாடி போட்டா ஒங்கட மூஞ்சியெல்லாம் வடிவா தெரிஞ்சிரும். எனக்கு வேணாம்."

அவரிடம் பதில் கிடைக்காததால் நானே பார்க்கத் தொடங்கினேன். மடியில் புத்தகம் இருக்கும், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். நான் கண்டது இதுதான். யாரும் நிரைகளை எண்ணுவதில்லை. ஒவ்வொரு சாரதியும் தனக்கு முன்னால் நிற்பவனின் பக்கத்தில் தன் வண்டியின் உடம்பு நுழையுமா என்று மட்டும் பார்க்கிறான். பொறுமையில்லாத ஒருவன் மூக்கை வெளியே நீட்டுகிறான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் போனால் அது ஒரு நிரை. ஒருவரும் போகாவிட்டால் அவன் வெட்கப்பட்டுத் தன் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்ப்பான். அதற்குள் அந்த இடமும் போயிருக்கும். ஆகவே நிரையை உண்டாக்குபவன் முதலில் போனவன் அல்ல, அவனை நம்பி இரண்டாவதாகப் போனவன். வெள்ளவத்தைச் சந்தையடியில் மரக்கறி வண்டில்கள் வீதியைத் தின்றுவிடும். அதைத் தாண்டியதும் வீதி அகலும். சரிந்து நிறுத்தும் ஒரு பஸ் இரண்டு நிரைகளை விழுங்கும். மழை பெய்தால் ஓரத்துப் பள்ளங்கள் ஒன்றைக் குறைக்கும். கொள்ளுப்பிட்டியில் கந்தோர் விடும் நேரத்தில் எதிர்ப்பக்கத்து வீதியிலிருந்தும் ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கு ஒரு விளையாட்டுப்போல இருந்தது. அடுத்த சந்தியில் எத்தனை நிரை வரும் என்று வானில் இருந்தவர்களோடு பந்தயம் பிடிப்பேன். அநேகமாக நான்தான் வெல்வேன்.

ஒன்று மட்டும் என் கணக்குக்குள் வரவில்லை. ஆமி லொறி. அதன் பின்பக்கம் திறந்திருக்கும். கடைசியில் இருக்கும் இரண்டு பேர் துவக்கோடு பின்னால் பார்த்தபடி இருப்பார்கள். வீதி எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அந்த லொறிக்குப் பின்னாலும் பக்கத்திலும் ஒரு வான் தாராளமாக நிற்கக்கூடிய இடம் வெறுமையாகக் கிடக்கும். சைக்கிள் போகிற இடைவெளிக்காக அடிபடுகிற ஊரில் அதற்குள் ஒருவரும் மூக்கை நீட்டமாட்டார்கள். லொறி நகர்ந்தால் அந்த வெற்றிடமும் கூடவே நகரும். ஜோசப் அங்கிள் லொறியைக் கண்டதும் பாட்டை நிறுத்துவார்.

"அங்கிள், அதில இடம் இருக்கு" என்று ஒருநாள் காட்டினேன்.

"அது இடம் இல்ல மகள்" என்றார். கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

லொறியில் வெடிக்கப் போவது தங்கள் மேல் படக்கூடாது என்று வீதியில் இருந்தவர்கள் பயந்தார்கள். பக்கத்தில் வருபவன் என்ன கொண்டுவருகிறான் என்று லொறியில் இருந்தவர்கள் பயந்தார்கள். இரண்டு பயமும் சேர்ந்துதான் அந்தக் கோடு. தமிழ்ச் சாரதிக்கு மூன்றாவது ஒன்றும் இருந்தது: அவனுடைய சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டை. அதனால் அவன் மற்றவர்களைவிட இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றான். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய கிழமையே எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டார்கள். மறித்துச் சோதிக்கிற சென்றியில் ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, நீட்டுகிற அட்டையைத்தான் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டதுபோல.

மஞ்சு சித்திக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு முட்டு வருத்தம் இருந்தது உனக்குத் தெரியும். மூச்சு இழுக்கத் தொடங்கினால் தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். அன்று பின்னேரம் வழக்கமான பாணி மருந்து கேட்கவில்லை. என் அப்பா கந்தோரிலிருந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. எங்களிடம் ஒரு பழைய மொறிஸ் மைனர் இருந்தது. அம்மா மஞ்சுவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார், நான் முன்னால். பம்பலப்பிட்டி தாண்டி ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் அவளைத் தெரிந்த டொக்டர் இருந்தார். வேறு நாளென்றால் உடனே போய்ச் சேரக்கூடிய தூரம்.

ஆஸ்பத்திரிக் கேற் கண்ணுக்குத் தெரியும்போது விசில் ஊதினார்கள். யாரோ பெரிய ஆள் வருகிறாராம், வீதியை மறித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தைத் துடைத்து வெறுமையாக்கி அடிக்கொரு பொலிஸ் நின்றது. எங்கள் பக்கத்தில் வாகனங்கள் வந்து வந்து அடைந்து, கதவைப் பாதிதான் திறக்கலாம் என்ற அளவுக்கு ஒட்டி நின்றன. நாங்கள் இடது ஓரம். பக்கத்து நடைபாதையை முள்கம்பியும் பீப்பாவும் வைத்து மூடியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் போன ஜீப் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பிவிட, அப்பா பிரேக்கை அழுத்தினார். அப்போதுதான் எங்களுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று தெரிந்தது. வெற்றுத் தார், அதற்கப்பால் ஆமி லொறி, லொறியைத் தாண்டினால் ஆஸ்பத்திரி.

பக்கத்து த்ரீவீலர்காரர் தலையை நீட்டி, "மாத்தயா, இஸ்ஸரஹட்ட யன்ன, இட தியெனவனே" என்றார். முன்னால் போங்கள், இடம் இருக்கிறதே என்று. பிறகு லொறியைக் கண்டார். தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் மறிப்பாங்கள்?" என்று அம்மா கேட்டார்.

"அவர் வந்து போகுமட்டும்."

"இவளுக்கு உதடு நீலமாகுது, இஞ்ச பாருங்கோ."

அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு எஞ்சினை நிறுத்தினார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழாகக் கழற்றத் தொடங்கினார்.

"என்னப்பா செய்யிறியள்?"

"உடம்பில ஒண்டும் கட்டேல்ல எண்டு அவங்களுக்குத் தெரியோணும்."

"நான் கொண்டு போறன். பொம்பிளை எண்டா விடுவாங்கள்."

"சீலையோட போனா இன்னும் பயப்பிடுவாங்கள். விளங்குதோ?"

அம்மாவுக்கு விளங்கியது. அந்தக் காலத்தில் யாருக்கும் விளங்கும். அப்பா பெனியனையும் கழற்றிச் சட்டைக்கு மேல் வைத்தார். வெளிச்சத்தில் அவர் உடம்பு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு மெலிவாக இருந்தது என்று நான் நினைத்தது ஞாபகம் இருக்கிறது. "பிள்ளை, கண்ணாடி எல்லாத்தையும் இறக்கு. ரெண்டு பேரும் கையை வெளியில வையுங்கோ. ஆளில்லாத கார் எண்டு ஒருத்தரும் நினைக்கக் கூடாது. ஆரும் கேட்டா நீ சிங்களத்தில சொல்லு. அம்மாவைக் கதைக்க விடாதை." இவ்வளவையும் அவர் வீட்டுக் கணக்கு சொல்லித்தருகிற குரலில் சொன்னார். பின் கதவைத் திறந்து மஞ்சுவைத் தூக்கி, முகம் பின்னால் பார்க்கத் தோளோடு அணைத்து, இரண்டு கைகளும் விரிந்து தெரியும்படி அவளைப் பிடித்துக்கொண்டு, அந்த வெற்றிடத்துக்குள் கால் வைத்தார்.

அவர் ஓடவில்லை தம்பி. நடந்தார். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு, கோயில் வீதியைச் சுற்றி வருகிறவரைப்போல நடந்தார். ஆமி லொறியை நோக்கி, நெஞ்சில் எதையோ அணைத்தபடி ஓடுகிற ஒரு தமிழனுக்கு என்ன நடக்கும் என்பது அவருக்கும் தெரியும், வீதியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வலப்பக்கத்து பஸ்ஸின் கொண்டக்டர், "மொகத மாத்தயா, நாண்ட யனவத?" என்றான்: என்ன ஐயா, குளிக்கப் போகிறீர்களா? பஸ்ஸுக்குள் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் கையில் இருப்பது பிள்ளை என்று தெரிந்தபோது அந்தச் சிரிப்பு நின்றது. அதன் பிறகு எஞ்சின் சத்தங்களைத் தவிர ஒன்றும் இல்லை.

லொறியின் கடைசியில் இருந்தவன் எழுந்தான். துவக்கு அப்பாவின் பக்கம் திரும்பியது. நான் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, "ளமயாட்ட ஹுஸ்ம கண்ட பே" என்று கத்தினேன். பிள்ளைக்கு மூச்சு எடுக்க முடியவில்லை. அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், மஞ்சுவின் தொங்கும் கால்களைப் பார்த்தான். மீசை முளைக்காத முகம். துவக்கின் நுனி கீழே போனது. இடது கையால் வேகமாக, மிக வேகமாக, போ போ என்று காட்டினான்.

அப்பா அதைக் காணவில்லை. அவர் தாரைப் பார்த்தபடி நடந்தார். ஆமிக்காரனின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர் அவ்வளவு நன்றாகப் பழகியிருந்தார்.

"ஓடச் சொல்லுறான்" என்றார் அம்மா. முதலில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு வீதி முழுவதும் கேட்கும்படி, "ஓடுங்கோ, அப்பா, ஓடுங்கோ."

அந்த அமைதிக்குள் தமிழ்க் குரல் விழுந்தது. லொறிக்குள் இருந்த மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். கீழே போன துவக்கு மறுபடியும் மேலே வந்தது, இப்போது அது தனியாக இல்லை. அப்பா நின்றுவிட்டார். லொறியின் நடுப்பகுதிக்கு நேரே, கை நீட்டினால் அதைத் தொடலாம் என்ற இடத்தில், அசையாமல் நின்றார். மஞ்சுவின் தோள் ஏறி இறங்குவதை நான் காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறுவது குறைந்துகொண்டே வந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அந்த இளவயதுக்காரன் மற்றவர்களிடம் திரும்பி என்னவோ சொன்னான். ஒருவரும் துவக்கை இறக்கவில்லை. யாரும் சுடவும் இல்லை. அப்பா வலது காலை எடுத்து வைத்தார். பிறகு இடது காலை. முன்பு நடந்த அதே வேகம், ஒரு சொட்டும் கூடவில்லை. லொறியைத் தாண்டினார். கேற்றுக்குள் போனார். உள்ளே போன பிறகும், மதில் அவரை மறைக்கும்வரை நடந்துகொண்டேதான் இருந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்த்தேன். சாரதி இல்லாத ஒரு கார் ஆமி லொறிக்குப் பின்னால் நிற்கிறது. த்ரீவீலர்காரர் பின்னால் இருந்தவரோடு உரசிக்கொண்டு தன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். மோட்டார் சைக்கிள்கள் விலகின. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிப் பின்னால் நடந்தார்கள். பகிடி பண்ணிய கொண்டக்டர் முதலில் இறங்கினான். இவ்வளவு நேரமும் ஒரு அங்குலம் இல்லாதிருந்த வீதியில் எங்கள் காரைச் சுற்றி இடம் உண்டானது. அது எனக்குத் தெரிந்த இடம். லொறியைச் சுற்றி இருந்த அதே அளவு, அதே வடிவம். ஆஸ்பத்திரிக்குப் போக இடம் கேட்டபோது கொடுக்காத வீதி, எங்களைக் கண்டு பயந்ததும் இடம் கொடுத்தது. இன்றைக்கும் எனக்கு மறக்காதது துவக்குகள் அல்ல, அந்த இடம்தான்.

இரண்டு ஆமிக்காரர்கள் வந்தார்கள். அம்மாவின் கை பொட்டை அழிக்க நெற்றிக்குப் போனது. நான் அதைப் பிடித்து மறுபடியும் ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். கேட்ட கேள்விகளுக்குப் பாடப் புத்தகத்துச் சிங்களத்தில் பதில் சொன்னேன். ஒருவன் அப்பாவின் சட்டையைத் தூக்கி உதறி, கொலரையும் தையலையும் விரலால் நெருடிப் பார்த்துவிட்டு அம்மாவின் மடியில் போட்டான். பெரிய ஆள் சைரன்களோடு கடந்து போனார். வீதி திறந்தது. வாகனங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் இரண்டு நிரையாக நெருக்கியடித்துக்கொண்டு, எங்களை விட்டு விலகி, கண்ணாடிக்குள்ளால் பார்த்தபடி போயின. காரை இன்னும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு எங்களை நடந்து போக விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பா ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். நேர்ஸ் யாரோ கட்டில் விரிப்பு ஒன்றை அவர் தோளில் போட்டிருந்தார். மஞ்சுவின் முகத்தில் மாஸ்க், அதற்குள் புகை. உதட்டின் நிறம் திரும்பியிருந்தது. அம்மா அவளைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றார்.

"அவன் கையைக் காட்டினவன். நீங்கள் ஏன் ஓடேல்ல?"

"நான் காணேல்ல."

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எண்டு டொக்டர் சொல்லுறார்."

"ஓடியிருந்தா?" என்று அப்பா கேட்டார். அம்மா சட்டையை அவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சாகும்வரை இதைப் பற்றி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. மஞ்சு மட்டும், மாஸ்க்கைக் கழற்றிய கையோடு, பாதிக் குரலில், "அப்பா நல்லா ஓடினவர்" என்றாள்.

"இல்லையடி, நடந்தவர். நாங்கள் பார்த்தனாங்கள்" என்றேன் நான்.

"ஓடினவர்" என்றாள் அவள் பிடிவாதமாக. "எனக்குக் காதுக்குள்ள டக்டக் எண்டு கேட்டது."

இவ்வளவுதான் கதை. இதைச் சொல்லாமல் உன்னை வளர்க்க வேண்டும் என்று நானும் சித்தியும் எப்போதோ தீர்மானித்தோம். யுத்தம் முடிந்தபோது நீ பாலர் வகுப்பு. முள்கம்பியும் பீப்பாக்களும் போய்விட்டன. உனக்கு எதற்கு என்று நினைத்தோம். போன கிழமை நீ என்னைப் பொரளைக்குக் கூட்டிக்கொண்டு போகும்வரை, அது சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று சந்தியில் நெரிசல். நீ வழக்கம்போல எல்லோரையும் வைதபடி, கிடைத்த இடைவெளிகளுக்குள் எல்லாம் நுழைந்து ஓட்டினாய். பிறகு முன்னால் ஒரு ஆமி லொறி வந்தது. பின்பக்கம் திறந்த லொறி. உள்ளே நாலைந்து பெடியன்கள், மரக்கறி மூட்டைகளுக்கு மேல் இருந்து கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு நிரைக்கு இடம் கிடந்தது. நீ போகவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நீ பாட்டின் சத்தத்தைக் குறைத்தாய். தூரம் விட்டு, லொறி போகிற வேகத்திலேயே போனாய்.

"இடம் இருக்குத்தானே. ஏன் போகேல்ல?" என்று நான் கேட்டேன்.

"தெரியேல்ல அம்மா. போக மனம் வரேல்ல" என்றாய்.

நான் வெளியே பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவரும் அதற்குள் போகவில்லை.

அன்புடன்,
அம்மா